வாய்தாவுக்கு ஒரு துணை

பிரியப்போகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது என் தொழில். குடும்ப வழக்குகளுக்கான சமரச மையத்தில் மத்தியஸ்தராக இருக்கிறேன். சமரசம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் நாலு குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறவன் என்று நினைத்து மரியாதை காட்டுகிறவர்கள் உண்டு. நானும் திருத்துவதில்லை. உண்மையில் நான் சேர்த்துவைத்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரித்துவைப்பதுதான். என்னிடம் வந்து பிரிந்த தம்பதிகள் வெளியே போகும்போது ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த மரியாதையை வீட்டிலேயே காட்டியிருந்தால் என்னிடம் வந்திருக்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

தொழிலுக்குச் சில விதிகள் உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே விழக்கூடாது. தண்ணீர் வைத்தால் இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளர். எந்தப் பக்கமும் சாயக்கூடாது. அறைக்குள் என்ன ரகளை நடந்தாலும் மத்தியஸ்தர் எழுந்து வெளியே போகக்கூடாது. இந்தக் கடைசி விதியில் எனக்குத் தனிப் பெருமை. ஒருமுறை பேப்பர் வெயிட் பறந்தபோதுகூட நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்பதை அறிக்கையில் எழுத இடம் இல்லை.

சின்சில்லா என்னிடம் வந்ததும் தொழில் வழியாகத்தான். ஒரு தம்பதி வீடு, கார், திரைச்சீலை, வடிகட்டி என்று எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகு ஒரு கூண்டு மட்டும் மிஞ்சியது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அணிலிடம் வாலையும் எலியிடம் மீசையையும் கடன் வாங்கிக்கொண்டு, மேலே ஒரு மழைமேகத்தைப் போர்த்திக்கொண்டது போன்ற பிராணி அது.

"நீயே வச்சுக்கோ. உன்கிட்டதான் அது ஒட்டுதலா இருக்கும்," என்றார் கணவர்.

"இல்லல்ல, உங்களைத்தான் தேடும். நீங்களே எடுத்துட்டுப் போங்க," என்றார் மனைவி.

ஒரு தேக்கரண்டியைக்கூட விட்டுக்கொடுக்காதவர்கள் திடீரென்று இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு தாராளமானபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. "சரி, அடுத்த வாய்தா வரைக்கும் நான் பார்த்துக்கறேன்," என்று வாயைக் கொடுத்தேன். வழக்கை அடுத்த தேதிக்குத் தள்ளிவைப்பதை எங்கள் வட்டாரத்தில் வாய்தா என்போம். கையெழுத்து விழுந்துவிட்டதால் அடுத்த தேதி என்று ஒன்று வரவே இல்லை. இருவரும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது கதவைத் திறந்துவிட்டுக்கொண்டார்கள்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மேல்தோல் சமாச்சாரங்களில் அவளுக்கு அக்கறை கிடையாது. கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேர் என்ன?"

"கேட்கல. அடுத்த வாய்தா வரைக்கும்தான்."

"அப்ப வாய்தான்னே கூப்பிடலாம்," என்றாள். "இதுக்கு ஆயுசு எவ்வளவாம்?"

"பதினஞ்சு வருஷம். நல்லா பார்த்துக்கிட்டா இருபதுகூட."

"நல்ல நீள வாய்தாதான்."

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலைக்குளிரில் பிறந்த இனம், வெக்கை ஆகாது என்பதால் வீட்டில் உருப்படியாக ஓடிய ஒரே ஏசி அதன் அறைக்குப் போயிற்று. தண்ணீர் படக்கூடாது, ஒரு கிண்ணத்தில் மெல்லிய தூளைப் போட்டு வைத்தால் அதில் புரண்டு குளித்துவிட்டு, மிச்சத்தை என் புத்தகங்களுக்குப் பூசும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஒப்பந்தச் சட்டம் பற்றிய தடித்த புத்தகத்தின் முதுகைப் பாதி தின்றிருக்கிறது. நான் கல்லூரியில் படித்ததைவிட அதிகம்.

பகலெல்லாம் தூங்கிவிட்டு, பொழுது சாயும்போது எழும். நான் வேலை முடிந்து வரும் நேரமும் அதுவே. கூண்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டே தாவலில் என் தோளுக்கு வந்துவிடும். சட்டைக் காலரை மென்றுகொண்டே காதுப் பக்கம் மூச்சு விடும். நான் அன்றைய கதையை ஆரம்பிப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மையத்தில் கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, கட்டிய மனைவியிடம்கூட. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றி வருகிறேன். "இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று அவள் கேட்டால் "போச்சு" என்பேன். காலப்போக்கில் அவள் கேட்பதை விட்டாள். நாள் முழுக்க மற்றவர்கள் கொட்டியதைச் சுமந்துகொண்டு வந்து, குழம்பை ஊற்றுங்கள், சோப்புத் தீர்ந்துவிட்டது என்கிற அளவில் பேசிக்கொண்டு வாழ்வது பழகிப்போயிற்று. பிறகு வாய்தா வந்தது. விதிமுறைகளைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். கொறிவிலங்குகள் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சாதாரணமாகக் கேட்டாள்: "அந்த சோபா யாருக்குன்னு சண்டை போட்டாங்களே, கடைசியில யாரு எடுத்துக்கிட்டா?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"செவுரு மெல்லிசு."

அன்றிலிருந்து நான் குரலைத் தாழ்த்தினேன். அவள் டிவியின் சத்தத்தைத் தாழ்த்தினாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாய்தாவின் விலாப் பக்கம் முடி குட்டையாகத் தெரிந்தது. யாரோ கத்தரிக்கோல் பழகியது போல இருந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சின்னப் பெண், சிரிக்காமல் பேசுகிறவர்.

"தானே கடிச்சிருக்கு சார்."

"ஏன்?"

"போரடிச்சிருக்கலாம். ஏதாவது சத்தத்துக்குப் பயந்திருக்கலாம். தனியா இருக்கறதாலகூட இருக்கலாம். வீட்ல யாராவது அதுகூடப் பேசறீங்களா?"

"தினமும் பேசறேனே."

"என்ன பேசுவீங்க?"

விதிமுறை நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "ஜோடி தேவைன்னு சொல்றீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சிலதுக்குத் தேவை. சிலது தனியாவே ராஜா மாதிரி இருக்கும். சிலதுக்கு ஜோடி போட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக் குதறிடும். போட்டுப் பார்த்தாதான் சார் தெரியும்."

என் மையத்துக்கு வருகிறவர்கள் எல்லோருமே இப்படிப் போட்டுப் பார்த்தவர்கள்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது.

கிளம்பும்போது அவரே ஒரு தகவல் சொன்னார். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் இரண்டு ஆண் சின்சில்லாக்கள் இருந்தன, கூடப் பிறந்தவை. ஒன்று இறந்துவிட்டது. மிச்சம் இருப்பதை நல்ல இடத்தில் விட அந்த அம்மா தேடிக்கொண்டிருக்கிறார். வாய்தாவும் ஆண்தான் என்பதால் குட்டி போடும் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். துணை வேண்டும் என்கிறவர்கள் எழுதியதைப் படித்தால், மலையில் கூட்டமாக வாழ்ந்த ஜீவனைத் தனியாக அடைத்து வைத்திருக்கும் கொடியவன் நான் என்று தோன்றியது. வேண்டாம் என்கிறவர்கள் எழுதியதைப் படித்தால், நிம்மதியாக இருக்கும் ஜீவன் தலையில் ஒரு ரௌடியைக் கட்டப்போகிறவன் நான் என்று தோன்றியது. இரண்டு பக்க நியாயத்தையும் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது பெரிய இம்சை. காலையில் வேண்டும் என்று முடிவு செய்வேன். மாலையில் வேண்டாம் என்று முடிவாகிவிடும். மாலையில் வாய்தா என் தோளில் இருக்கும்.

"ஏன் வேணாம்கறீங்க?" என்றாள் மனைவி.

"வேணாம்னு சொல்லல. அவசரப்பட வேணாம்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அதுவும் இல்லாம, அது எங்க தனியா இருக்கு? தினமும் நான் போய் உட்கார்றேன்."

"அதான் முடியைப் பிச்சுக்குதோ என்னவோ."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைக் காலரில் இருந்த பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு பேச்சுக்குக் கேட்கறேன். புதுசா ஒண்ணு வந்து, அதுக்கப்புறம் இது உங்க தோள்ல ஏறவே இல்லைன்னா?"

"எனக்கென்ன வந்தது."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. படம் தெளிவாக விழுந்துவிட்டால் எக்ஸ்ரேக்காரர்கள் இரண்டாவது தடவை எடுக்கமாட்டார்கள்.

கண்ணாடிக் கடை அம்மா அடுத்த வாரம் கூண்டோடு வந்தார். கூண்டை இறக்கி வைத்ததும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், என் கண்ணாடியைப் பார்த்தார்.

"இதுல உங்களுக்குச் சரியாத் தெரியுதா?"

"தெரியுது."

"தெரியாது. கடைக்கு வாங்க." பிறகு கூண்டுப் பக்கம் திரும்பினார். "இவன் சாது சார். இவனோட தம்பி போனதுலேர்ந்து மட்டும் ஒரு பழக்கம். காய்ஞ்ச புல்லை இழுத்து இழுத்து ரெண்டு பேருக்கு இடம் போடும். போட்டுட்டு ஒரு ஓரமா ஒடுங்கிப் படுத்துக்கும். என்னால பார்க்க முடியல. இந்த மாசம் வச்சுப் பாருங்க. ஒத்து வந்தா வச்சுக்குங்க, வரலைன்னா சொல்லிடுங்க. இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்கார்."

மனைவி அதற்குப் பிரதிவாதி என்று பெயர் வைத்தாள். உண்மையான பெயரை அந்த அம்மா சொல்லியிருந்தார். யாருக்கும் நினைவில்லை.

நான் தொழில்முறையில் இறங்கினேன். இரண்டு கூண்டுகளையும் ஒரே அறையில், கை நீட்டினால் எட்டாத இடைவெளியில் வைத்தேன். ஒன்றின் தூள் கிண்ணத்தை மற்றதற்கு மாற்றி மாற்றி வைத்தேன், வாசனை பழகட்டும் என்று. இதெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் சொன்னது. மற்றது என் சொந்தச் சரக்கு. புல்லைச் சமமாகப் பங்கிட்டேன். கடிக்கும் குச்சிகளை ஒரே நீளத்தில் நறுக்கினேன். வாய்தாவின் கூண்டு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ அவ்வளவு நேரம் பிரதிவாதியின் முன்னாலும் உட்கார்ந்தேன். அதனிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அதுவும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வங்கியில் டோக்கனுக்குக் காத்திருப்பவர்கள் போல நேரத்தைக் கடத்தினோம்.

பிறகு நேருக்கு நேர் அமர்வு. யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்பதால் குளியலறையைத் துடைத்துக் காயவைத்து, ஒரு தூள் கிண்ணத்தையும் வைத்து, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டையும் விட்டேன். பிரதிவாதி ஒரு மூலைக்குப் போய்ச் சுவரை மோந்து பார்த்தது. வாய்தா நேராக என் தோளில் ஏறி, அங்கிருந்தபடி அதைப் பார்த்துக் குரைத்தது. சின்சில்லா குரைக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு தரப்பு மத்தியஸ்தரின் தோளில் உட்கார்ந்துகொண்டு மறுதரப்பைத் திட்டுகிற சமரசத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேள்விப்பட்டதில்லை. கீழே இறக்கி விட்டேன். மறுபடி ஏறிற்று. பிரதிவாதி என் கால் பக்கம் வந்தால் போதும், மேலிருந்து குரைப்பு.

"நான் யார் பக்கமும் இல்ல," என்று வாய்தாவிடம் விளக்கினேன். அது என் காதைக் கடித்தது.

ஒவ்வொரு மாலையும் இதே கதை. ஒருநாள் வாய்தா என் தோளிலிருந்தே குறிபார்த்துப் பாய்ந்தது. இரண்டும் ஸ்டூலைச் சுற்றி உருண்டன. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தபோது பிரதிவாதியின் முடி ஒரு கொத்து வாய்தாவின் வாயில் இருந்தது. பயந்தால் முடியை உதிர்த்துவிட்டுத் தப்பிக்கிற இனம். காயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆதாரம் ஆதாரம்தானே. அந்த முடிக்கொத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

"ஒத்துவரல," என்றேன். "நான் அப்பவே சொன்னேன். அவங்களை வரச்சொல்லி அனுப்பிடலாம். பாவம், நாம முயற்சி பண்ணாம இல்ல."

மனைவி முடியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"தோத்துப்போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற மத்தியஸ்தரை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"எனக்கென்ன சந்தோஷம்."

"உங்க உதடு ரெண்டு பக்கமும் மேல போகுது. சரி, அதை விடுங்க. ரெண்டையும் விட்டுட்டு நீங்க எங்க உட்கார்றீங்க?"

"நடுவுல."

"எதுக்கு நடுவுல?"

"நான் எழுந்து போகக்கூடாது. அதான் முறை."

"நான் ஒருத்தரைப் படுக்க வச்சு, அசையாதீங்கன்னு சொல்லிட்டு என்ன பண்ணுவேன்? ரூமை விட்டு வெளிய போயிடுவேன். நான் உள்ள நின்னா எனக்கும் நல்லதில்ல. அதுங்க ரெண்டும் உங்களுக்காகத்தான் அடிச்சுக்குது. இல்ல, ஒண்ணு அடிக்குது, இன்னொண்ணு வாங்கிக்குது. நாளைக்கு ஸ்டூலைத் தூக்கிட்டு வெளிய வாங்க."

"குதறிடுச்சுன்னா?"

"கதவை ஒருக்களிச்சு வச்சு நான் பார்த்துக்கறேன். நீங்க பார்க்க வேணாம்."

மறுநாள் மாலை அப்படியே செய்தோம். நான் வெளியே சுவரோரம் நின்றேன். மனைவி கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்திருந்தாள். உள்ளே வாய்தா குரைத்தது. நான் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினேன். அவள் திரும்பாமலே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், தெரு தாண்டும்போது குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

"என்ன நடக்குது?"

"உங்களைத் தேடுது."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்ப?"

"தேடறதை நிறுத்திடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தூள் கிண்ணம் தரையில் உரசும் ஓசை, சின்னச் சின்னதாக ஏதோ முனகல். "என்ன, என்ன," என்றேன். அவள் ஒதுங்கி இடம் விட்டாள்.

தூள் கிண்ணத்துக்குள் ஒருவருக்கே இடம் இருந்தது. இரண்டும் அதில் இருந்தன. பிரதிவாதி கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வாய்தா அதன் காதுக்குப் பின்னால் முடியைக் கோதிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் நான் நடத்தியவற்றிலேயே மிகச் சிறந்த சமரசம் அது. நடந்தபோது நான் அறையில் இல்லை.

அதற்குப் பிறகு அவை ஒரே கூண்டில் இருந்தன. வாய்தாவின் விலாப் பக்க முடி வளர்ந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இடையில் ஏசியைச் சர்வீஸ் செய்ததாலும் இருக்கலாம், புதுக் குச்சிகளாலும் இருக்கலாம் என்று டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். "இருக்கலாம் சார்," என்றார் அவர், எழுதிக்கொண்டே.

மாலைகளில் நான் போய் உட்கார்ந்தேன். கூண்டைத் திறந்துவிட்டால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி அலமாரியின் அடியில் போய் ஏதோ முக்கியமான வேலை பார்த்தன. எப்போதாவது வாய்தா என் முழங்கால்வரை வரும், ஒரு பார்வை பார்க்கும், அலுவலகத்தில் பழைய மேலதிகாரியைக் கண்டவன் போல மரியாதையாக நின்றுவிட்டு நழுவிவிடும். ஒருநாள் மையத்தில் நடந்த ஒரு விஷயம் என் தொண்டையில் நின்றது. ஒரு கிழவரும் கிழவியும், பிரிய வந்தவர்கள், யார் மாத்திரை எது என்று தெரியாமல் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அலமாரிக்கு அடியில் குனிந்து அதைச் சொல்ல முயன்றேன். முதுகுதான் பிடித்துக்கொண்டது.

மாதம் முடியும்போது கண்ணாடிக் கடை அம்மா போனில் கூப்பிட்டார்.

"என்ன சார், முடிவு பண்ணீங்களா? நான் வந்து எடுத்துக்கட்டுமா? அவர் நச்சரிக்கறார்."

ஒத்துவரவில்லை என்கிற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்த முடிக்கொத்தைக்கூட நான் தூக்கி எறியவில்லை. இந்த அம்மா வந்து எடுத்துக்கொண்டு போவாரே தவிர, சோதித்துப் பார்க்கமாட்டார். டாக்டர் எதற்கும் உத்தரவாதம் தரவில்லை. பிரதிவாதி போய்விட்டால் வாய்தா சில நாள் தேடும், பிறகு தோளுக்கு வந்துவிடும். திறந்திருந்த கதவு வழியாக இரண்டும் தெரிந்தன. பிரதிவாதி புல்லை இழுத்து இடம் போட்டு முடித்திருந்தது. அதில் வாய்தா பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டு, மல்லாந்து கிடந்தது.

"இங்கேயே இருக்கட்டும்மா," என்றேன்.

"ஒத்துப்போயிடுச்சா?"

"அதுங்களுக்குள்ள ஒத்துப்போயிடுச்சு."

"உங்களோட?"

"அது தனி வழக்கு."

அந்த அம்மா "அந்தக் கூண்டையும் நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

நான் உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கினேன். கனமான நாற்காலி. கதவில் இடித்து, சுவரில் உரசி, ஹாலுக்குக் கொண்டுவந்தேன்.

"இது எதுக்கு இங்க?" என்றாள் மனைவி.

"அங்க இடத்தை அடைக்குது. ரெண்டுக்கும் ஓட இடம் வேணாமா?"

"இங்க மட்டும் அடைக்காதா? ஜன்னலை மறைக்காதீங்க. இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் தள்ளி."

சொன்ன இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். கிழவர் கிழவி விஷயம் தொண்டையிலேயே இருந்தது. வாயைத் திறந்தேன். "அன்னைக்கு ஒரு..." என்று ஆரம்பித்து, விதி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லக்கூடாதுன்னா சொல்லாதீங்க," என்றாள். "நான் ஒண்ணு சொல்லவா? இன்னைக்கு ஒருத்தர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அதுக்குள்ள போன் வந்துது. விடுங்கன்னு சொல்ல மறந்தே போயிட்டேன்."

"அப்புறம்?" என்றேன்.

அவள் டிவியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.